ஐஸ் அறைக் கதவு

'எதற்குக் கூட்டிவந்திருக்கிறான் என்று தெரியும். அவன் வாயாலேயே கேட்கட்டும். அதுவரைக்கும் சுவரைப் பார்ப்போம்' என்று நினைத்துக்கொண்டு அவள் சுவரைப் பார்த்தாள்.

மீன்பிடித் துறைமுகத்தின் பழைய ஐஸ் தொழிற்சாலைக்கு மஞ்சள் வண்ணம் பூசியிருந்தார்கள். நூற்றுப் பத்து வயதுக் கட்டடம். நாளைக்கு அருங்காட்சியகமாகத் திறக்கிறார்கள். உப்புநீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. ஐஸ் வார்க்கும் நீளத் தகரப் பெட்டிகளைத் துரு போகத் தேய்த்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணை எரிக்கும் அமோனியா நெடி போய், பெயின்ட் வாசனை மட்டும் இருந்தது.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் மகன். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலைக்கு அவனை எடுத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக.

"கல்யாண வீடு மாதிரி இருக்கு. நாங்க வேலை பார்த்தப்ப நெடி தாங்காம எலிகூட உள்ள வராது."

அவன் சிரித்தான். "நான் நாளைக்குச் சொல்லப்போறதைக் கேளு." தொண்டையைச் செருமிக்கொண்டான். "இதுதான் ஐஸ் அறை. சுவருக்குள்ள ஒரு அடி கனத்துக்குத் தக்கை அடைச்சிருக்கு. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது, தாழ்ப்பாள் வெளியிலதான். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானம் இங்க குழாய் வெடிச்சு அமோனியா கசிஞ்சுது. காத்துல கதவு தானா சாத்திக்கிச்சு. உள்ள மாட்டிக்கிட்டு இறந்துபோன மெஷின் ஆபரேட்டர், எங்க அப்பா."

நன்றாகத்தான் சொல்கிறான். குரல் அப்படியே அவருடையது. பதினாலு வயதில் இவனுக்குக் குரல் உடைந்ததிலிருந்து, பின்னால் நின்று "அம்மா" என்று கூப்பிட்டால்கூட அவளுக்கு உடம்பு சில்லிட்டுவிடும்.

"வெளியே இருந்ததால எங்கம்மாவும் நாலு மாசக் குழந்தையான நானும் தப்பிச்சோம்னு முடிப்பேன். சரியா வருதா?"

"உமியை விட்டுட்டியே."

"என்ன உமி?"

"ஐஸ் பார் உருகாம இருக்க உமி போட்டு மூடுறது. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

"அதையெல்லாம் யாரும்மா கேக்கப்போறா?"

பொறுப்பு அதிகாரி உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

"பையன் சொன்னானாம்மா? நாளைக்கு இந்தக் கதவை நீங்கதான் திறந்து வைக்கணும். பேச்செல்லாம் வேண்டாம், இழுத்துத் திறந்தாப் போதும். இவனை நிரந்தரமாக்க நானே மேலிடத்துல பேசுறேன்."

அவர் போனபிறகு மகன் அவள் முகத்தையே பார்த்தான். "வீட்டு அலமாரியையே எட்டி உதைச்சுத் திறக்கிற ஆளு நீ. இதுக்கு என்ன யோசனை?"

"நான் வரலப்பா."

"விளையாடாதம்மா. ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு மறுபடி நான் படகுல கூலிக்கு ஏறணுமா? வேலை நிரந்தரமாகிறது உன் கையிலதான் இருக்கு."

அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா படம் ஒண்ணு நம்ம வீட்டுல உண்டா? அவரைப் பத்தி நானா கேட்டாத்தான் பேசுவே. அப்படி என்ன கோபம் அவர் மேல?"

"கோபமெல்லாம் இல்ல."

"அடிப்பாரா?"

"ஒரு தடவைகூட இல்ல."

"குடிப்பாரா?"

"நீ பொறந்ததும் விட்டுட்டாரு. தூக்குறப்ப உனக்கு வாடை அடிக்கும்னு."

"அப்படிப்பட்ட மனுஷனுக்காக ஒரு கதவைத் திறக்க மாட்டியாம்மா?"

அவள் கதவைப் பார்த்தாள். அன்றைக்கு அதைக் காற்று சாத்தவில்லை. உள்ளேயிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே ஓடிவந்த கணவர் வாசலுக்கு வந்துசேர இன்னும் பத்து எட்டு இருக்கையில், கதவு வழியே பொங்கிய வெண்புகை படியிறங்கி, கீழே மீன்கூடையில் தூங்கிக்கொண்டிருந்த இவனை நோக்கிப் போவதைப் பார்த்து, அவள்தான் அதைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"முட்டி வலிக்குதுப்பா" என்றாள். "வேற யாரையாவது திறக்கச் சொல்லு."