நாலாம் நம்பர் கட்டில்

இரும்புக் கம்பியின் முதல் வீச்சில் மருந்து அலமாரியின் கண்ணாடி பொடிப்பொடியானது. இரண்டாவது வீச்சில் மேஜை மேலிருந்த கம்ப்யூட்டர் தரையில் விழுந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் வாசலுக்கு ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள்.

கம்பியை வைத்திருந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். வெல்டிங் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டை முழுக்கத் தீப்பொறி பட்ட ஓட்டைகள். முகத்தில் வியர்வை வழிந்தது, கை வெடவெடவென்று நடுங்கியது. தடுக்கப் போன காவலாளி முழங்காலில் ஓர் அடி வாங்கிச் சுவரோரம் சுருண்டு கிடந்தார்.

"அக்கா, சுகர் இறங்கியிருக்குமோ?" என்று கிசுகிசுத்தாள் இளைய நர்ஸ். அவள் கை தானாகவே விரலில் குத்தும் ஊசியைத் தேடியது.

எட்டு மாதமாக அந்தப் பிரிவில் அதுதான் வழக்கம். வெறி பிடித்ததுபோல் வருகிற யாரையும் குடிகாரர் என்று நினைத்துக் கட்டிலோடு கட்டிவிடக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் அப்படி ஆகும் என்பதால், முதலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும். தலைமை நர்ஸ் மேலிடத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டுவந்த திட்டம் அது. அதனால் இதுவரை ஆறு பேர் பிழைத்திருந்தார்கள்.

"இவருக்குச் சுகர் சரியாத்தான் இருக்கும். நீ எல்லாரையும் பின்பக்கமா கூட்டிட்டுப் போ," என்றாள் தலைமை நர்ஸ். பிறகு வெறுங்கையோடு அவனை நோக்கி நடந்தாள்.

"நில்லுடி. எங்க அண்ணனைக் கட்டிப் போட்டது யாரு?"

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை உருவி அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

"பத்து மாசம் முன்னாடி குடிச்சுட்டுச் செத்தான்னு எழுதிக் குடுத்தீங்க. என் புள்ள குடிக்க மாட்டான்டான்னு எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் நம்பல. குடிகாரப் பயன்னு திட்டிக்கிட்டேதான் அவனை அடக்கம் பண்ணேன். நேத்து இந்த லெட்டர் வருது, பேரு போடாம. சுகர் இறங்கித்தான் அப்படிக் கத்தினானாம். நாலாம் நம்பர் கட்டில்ல கையையும் காலையும் கட்டினாங்களாம். கட்டும்போது ரெண்டு தடவை தண்ணி கேட்டானாம். அப்புறம் மூணு மணி நேரம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கலையாம்."

"கம்பியைக் கீழ வைங்க தம்பி. சொல்றேன்."

அவன் வைக்கவில்லை. கம்பி அவளுடைய இடது முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அறைக்கோடிவரை கேட்டது. அவள் சுவரில் சாய்ந்தாள், கத்தவில்லை. அவன் மறுபடி ஓங்கினான். அவள் தலையை மறைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அந்த முகத்தைப் பார்த்து அடிக்க அவனால் முடியவில்லை. கம்பியை எறிந்துவிட்டுப் பக்கத்திலிருந்த கண்ணாடிக் கதவில் ஓங்கிக் குத்தினான். கை முழங்கைவரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது ரத்தம் பீய்ச்சியடித்துச் சுவரெல்லாம் தெறித்தது. யாருடைய கையோ என்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டே அவன் சரிந்தான்.

அடுத்த நொடி தலைமை நர்ஸ் அவன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். ஒடிந்த கை மடியில் தொங்க, வலது கைக் கட்டைவிரலைக் காயத்துக்குள் விட்டு, அறுந்த ரத்தக்குழாயை எலும்போடு சேர்த்து அழுத்தினாள். பீய்ச்சியது நின்றது.

"அசையாதீங்க. என் விரல் நகர்ந்தா நீங்க தாங்க மாட்டீங்க. யாராவது ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க."

பெரிய டாக்டர் ஓடி வந்தார். தரையில் ரத்தத்தில் நனைந்து கிடந்த கடிதத்தை எடுத்துப் படித்ததும் அவர் முகம் கறுத்தது.

"இது வெளியாள் வேலை இல்ல. கூட இருந்தே குழி பறிச்சிருக்காங்க. எழுதினது யாருன்னு மட்டும் தெரியட்டும், இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

"நான்தான் சார் எழுதினேன்," என்றாள் தலைமை நர்ஸ்.

"உனக்கென்ன பைத்தியமா? அடுத்த வாரம் உன் திட்டத்துக்கு விருது குடுக்கப் போறாங்க."

"ஆறு பேரைக் காப்பாத்தினதை மேடையில பேசச் சொல்றீங்க. ஒருத்தரைக் கொன்னதை அவர் வீட்டுக்காவது சொல்லணும்ல சார்."

கீழே கிடந்தவன் அவளை அண்ணாந்து பார்த்தான். அவன் உதடு வெளுத்திருந்தது. கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"அக்கா, தெரியாம அடிச்சுட்டேன்க்கா. இந்த ஆஸ்பத்திரியில எங்களுக்காக யோசிக்கிற ஒரே ஆளு நீங்கதான். உங்க கையைப் போய் ஒடிச்சுட்டேனே."

"பேசாதீங்க. மூச்சை மெதுவா விடுங்க."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. இவ்வளவு எழுதின நீங்க, கட்டினது யாருன்னு ஏன் எழுதல?"

வேண்டாம் என்பதுபோல் பெரிய டாக்டர் அவசரமாகத் தலையசைத்தார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த இளைய நர்ஸ் அப்படியே நின்றாள். அவன் கேட்டதுதான் தலைமை நர்ஸ் அந்தக் கடிதத்தில் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்ட வரி.

அவள் விரல் கொஞ்சமும் தளரவில்லை. குரல்தான் தளர்ந்தது.

"கட்டினது நான்தான் தம்பி."