இருமல் இல்லாத பதிவு

"அப்பா, வெளிய போய் உக்காருங்க. ஒரு மணி நேரம்."

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எழுந்ததுமே இருமல் வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார்.

"இதுக்குத்தான் சொல்றேன். போங்க."

கதவைச் சாத்துவதற்குள் எதிர்வீட்டு ஷமீம் அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏண்டி சௌபாக்யா, தூறல்ல அப்பனை வெளிய தள்ளிட்டு, தினம் கதவைச் சாத்திக்கிட்டு போன்ல யாருகிட்டடி கொஞ்சுறே?"

"கம்ப்யூட்டருகிட்ட. ஒரு வாக்கியம் பேசினா ரெண்டு ரூபா குடுக்குது. உங்க வீட்டுக்காரர் குடுப்பாரா?"

"கணக்குல விட்ட மார்க்கையெல்லாம் வாயில வாங்கிட்டா இவ."

சாத்திவிட்டேன். பதில் சொல்ல நேரமில்லை.

வேலை இதுதான். போனில் எங்கள் பாஷையில், கன்னடத்தில், ஒரு வாக்கியம் வரும். சத்தமாகப் படித்து அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டருக்குக் கன்னடம் பழக்குகிறார்களாம். ஒரு சாயங்காலத்துக்கு நூறு வாக்கியம்.

பகலில் நானும் அம்மாவும் மண்டக்கி பட்டியில், அதாவது பொரி வறுக்கிற கொட்டகையில், மூட்டை கட்டுகிறோம். அந்தக் கூலி வாடகைக்கே போய்விடும். அப்பா அதே பட்டியில் இருபது வருஷம் பொரி வறுத்தவர். "இருமல் நின்னதும் வா, கரிபசப்பா" என்று முதலாளி அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. அப்பாவைக் கேட்டால், "உமிப் புகை. பட்டியில யாருக்குத்தான் இருமல் இல்ல" என்பார். சரி என்று விட்டுவிட்டேன். அதிலிருந்து வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும் என் குரலில்தான் வருகிறது.

அனுப்பியதை எங்கேயோ ஒரு ஆள் கேட்டுப் பார்ப்பார். சரி என்று அழுத்தினால் பச்சை. தவறு என்றால் சிவப்பு, காசு கிடையாது. என்னுடையதை எப்போதும் ஒரே ஆள்தான் கேட்கிறார். பேர் தெரியாது. 'சரிபார்ப்பவர் 52' என்று மட்டும் போட்டிருக்கும்.

ஒரு வாரத்துக்கு முன்னால் இரண்டு தடவை சிவப்பு விழுந்தது. காரணம், 'இருமல் சத்தம். மீண்டும் பதியவும்.' அன்றைக்கே முடிவு செய்தேன், இனி நான் பேசும்போது அப்பா வீட்டுக்குள் இருக்கக் கூடாது. ஏனென்றால் ஏழு நாள் தொடர்ந்து ஒரு சிவப்பும் விழாவிட்டால் நிரந்தர வேலை. வாக்கியத்துக்கு நாலு ரூபாய்.

ஆறு நாள் முடிந்துவிட்டது. ஆறும் பச்சை. இன்று ஏழாவது.

எழுபதாவது வாக்கியத்தில் அம்மா பட்டியிலிருந்து வந்து கதவைத் தட்டினாள்.

"அப்பா எங்கடி?"

"வெளிய."

"மழை வலுக்குது."

"பட்டிச் சுவர்கிட்ட ஒதுங்கியிருப்பாரு. சூடா இருக்கும்."

"சூடா இருக்கும். புகையும் இருக்கும்."

"இன்னும் முப்பதுதாம்மா. எனக்கும்தான் தொண்டை கட்டுது. நான் இருமுறேனா?"

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீ இருமினா நான் உன்னை வெளிய அனுப்ப மாட்டேன்."

"அப்ப நாளைக்கு அரிசிக்கு நீயே வழி பாத்துக்கோ."

அம்மா ஓரமாக உட்கார்ந்தாள். மூச்சுகூடச் சத்தமில்லாமல்தான் விட்டாள். மிச்ச முப்பதையும் முடித்தேன். தொண்ணூற்றெட்டாவதை மட்டும் இரண்டு தடவை பதிந்தேன், ஒரு ஆட்டோ போனதால்.

கால் மணி நேரத்தில் முடிவு வர ஆரம்பித்தது. பச்சை. பச்சை. பச்சை. தொண்ணூற்றொன்பது வரை பச்சை.

நூறாவது சிவப்பு.

அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். மறுபடி கேட்டேன். காதில் வைத்துக் கேட்டேன். என் குரல் மட்டும்தான். ஆட்டோ இல்லை, மழை இல்லை, இருமல் இல்லவே இல்லை.

"யோவ் அம்பத்திரெண்டு, உன் காதுல என்னய்யா அடைச்சு வச்சிருக்கே? ஏழாவது நாள்னு தெரிஞ்சே பண்றான்மா. நமக்கு வேலை கிடைக்கக் கூடாதுன்னு உக்காந்திருக்கான்."

"என்ன காரணம் போட்டிருக்கான்?"

"என்ன போடுவான்? இருமல்னு போட்டிருப்பான். அது ஒண்ணுதானே அவனுக்குத் தெரியும். இன்னிக்கு மேல எழுதிப் போடப் போறேன் இவனைப் பத்தி."

"எழுது. முதல்ல அவன் என்ன எழுதியிருக்கான்னு பாரு."

சிவப்பை அழுத்தினேன். கீழே கட்டம் திறந்தது. இந்தத் தடவை நீளமாக எழுதியிருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன்.

'உங்கள் பதிவில் ஒரு தவறும் இல்லை. ஒரு மாதமாக உங்கள் குரலுக்குப் பின்னால் ஒருவர் இருமுவது கேட்கும். லேசாகக் கேட்டால் சரி என்றே விட்டுவிடுவேன். வார்த்தையே மறைந்துபோன இரண்டை மட்டும்தான் விட முடியவில்லை. ஏழு நாளாக அந்தச் சத்தம் கேட்கவில்லை. சரி என்று அழுத்தினால் நான் உங்களுக்கு எதுவும் எழுத இடம் கிடையாது. தவறு என்றால்தான் இந்தக் கட்டம் திறக்கிறது. அதற்காக மன்னியுங்கள், நாளை நானே மேலே சொல்லிப் பச்சையாக மாற்றிவிடுகிறேன்.

அவர் இருக்கிறாரா?'