ராணிக்கு வெந்நீர்

ராஜமேரி இடது கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டு, முழங்கை நனைத்துச் சூடு பார்த்த வெந்நீரைப் பால்பவுடர் டப்பாவில் மொண்டு மெல்ல ஊற்றினாள். சோப்பு நுரை கண்ணில் படாமல் விரலால் வழித்துவிட்டாள். கடைசித் தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் கலந்து ஊற்றியபோது, ராணி சுகமாகக் கண்ணை மூடி அவள் உள்ளங்கையில் அலகைச் சாய்த்துக்கொண்டது.

உள்ளே தொட்டிலில் கைக்குழந்தை அழுதது. அதைக் குளிப்பாட்டி இரண்டு நாளாகிறது.

"ஏம்மே மேரி, புள்ளைக்கு அழுகை, கோழிக்கு வெந்நீரா?" வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள். "அப்படியே பவுடரும் போட்டு வுடு."

மேரிக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

நாளைக்கு மொரப்பூரில் கோழிக் கண்காட்சி. அவள் கணவன் ஸ்தனிஸ்லாஸுக்கு மூன்று மாதமாக அதே நினைப்பு. போன வருஷம் யூனியன் ஆபீஸில் கொடுத்த இருபத்தைந்து லெகார்ன் சாதி வெள்ளைக் கோழிக்குஞ்சுகளுக்கு அரிக்கேன் விளக்கு வைத்துச் சூடு காத்ததும், ஒவ்வொன்றின் அலகையும் நனைத்துத் தண்ணீர் குடிக்கப் பழக்கியதும், கழிச்சல் துடைத்ததும் மேரிதான். ஊருக்குள் பெயர் என்னவோ ஸ்தனிஸ்லாஸ் கோழி. கண்காட்சியில் முதல் பரிசு நூறு குஞ்சுகளாம்.

"நூறு குஞ்ச என்னால பாக்க முடியாதுங்க" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நீ பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள் என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். அதில் கோபமில்லை, குத்தலுமில்லை. அதனாலேயே அவளுக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை.

ராணியைத் துடைத்துக் காயவைத்து, கண்காட்சிக்குப் போகிற எல்லார் வீட்டிலும் செய்வதுபோல் காலுக்கு மஞ்சளும் கொண்டைக்குத் தேங்காயெண்ணெயும் பூசினாள். தனித் தீனி தின்று, இரண்டு மாதமாக முட்டைப் பக்கமே போகாமல் ராணி மினுமினுவென்று இருந்தது.

கூண்டின் மூலையில் இன்னொரு வெள்ளைக் கோழி நின்றது. அதற்குப் பெயரில்லை. பிள்ளைகள் தின்பதெல்லாம் அது நாள் தவறாமல் வைக்கும் முட்டைதான். இறகு நைந்து, காலும் அலகும் சுண்ணாம்பாக வெளிறியிருந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் மேரி தன் நகத்தைப் பார்த்துக்கொள்வாள். நாலாவது பிள்ளை பிறந்த பிறகு நகமும் அப்படித்தான் வெளுத்துக் கிடந்தது.

விடிந்ததும் ஸ்தனிஸ்லாஸ் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனான். அவள் ராணியைக் கூண்டிலேயே விட்டுவிட்டு, பெயரில்லாததைத் தூக்கிக் கூடைக்குள் வைத்துச் சாக்கால் மூடிக் கட்டினாள். இதைப் பார்த்து எவன் பரிசு கொடுப்பான்? முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

அவள் கை பட்டால்தான் கோழி அடங்கி நிற்கும் என்று அவளையும் வரச் சொல்லியிருந்தான். அவன் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு முன்னால் போக, அவள் குழந்தையோடு பஸ்ஸில் போய் இறங்கியபோது, வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். சாக்கை அவிழ்த்த ஸ்தனிஸ்லாஸ், ராணி எங்கே என்றான்.

"அவசரத்துல மாறிப்போச்சுங்க."

திட்டுவான் என்று காத்திருந்தாள். வந்தது வந்தோம், நிற்கட்டும் என்று மட்டும் சொல்லிக் கோழியைக் கூண்டில் விட்டான். பக்கத்துக் கூண்டுக்கார மாதேஸ்வரன், இது கண்காட்சிக்கு வந்ததா, குழம்புக்கு வந்ததா என்று கேட்டார். ஸ்தனிஸ்லாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேரிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் அதற்கடியில், இனித் தூங்கலாம் என்கிற நினைப்பு ஒரு வாய் மோர்போல இறங்கியது.

கோழிகளைப் பார்த்துப் பரிசு சொல்ல வந்த கால்நடை டாக்டர் மஞ்சள் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே நடந்தார். பெயரில்லாத கோழியிடம் வந்ததும் நின்றார். தூக்கினார். காலைப் பார்த்தார், அலகைப் பார்த்தார், வாலுக்குக் கீழே எலும்புகளுக்கு நடுவில் மூன்று விரல் வைத்து அளந்தார்.

"இது தெனமும் முட்டை வெக்கிதா?"

"வெக்கிதுங்க" என்றான் ஸ்தனிஸ்லாஸ், குற்றம் செய்தவன்போல.

டாக்டர் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார். காலில் இருக்கிற மஞ்சளெல்லாம் முட்டைக்குப் போய்விடுமாம். வைக்க வைக்கக் கால் வெளுக்குமாம். பளபளவென்று நிற்பது தின்றுவிட்டுச் சும்மா இருக்கிற கோழி. அதுகூடத் தெரியாமல் ஆளாளுக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக் கொண்டு வந்திருக்கிறீர்களே என்றார். மாதேஸ்வரன் தன் கூண்டுக்கு முன்னால் மெல்ல நகர்ந்து நின்றுகொண்டார்.

"இந்த ஒரு வூட்டுலதான் கோழிய உள்ளபடி கொண்டாந்திருக்காங்க. யாருங்க பொறுக்குனது?"

ஸ்தனிஸ்லாஸ் திரும்பி அவளைப் பார்த்தான். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவள் கண்டதில்லை. அதற்காக எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள்.

"எங்க வூட்டுக்காரிதாங்க" என்றான். "நான் வேற கோழியத்தான் சொன்னேன். அவதான் மாத்தி எடுத்தாந்தா."

டாக்டர் அவளைப் பார்த்துக் கை கூப்பினார்.

"அப்ப நூறு குஞ்சையும் உங்க கையிலயே குடுத்துடறோம்மா."