தாணுமூர்த்தியின் கன்னக்குழி

பெங்களூரில் இருந்த தாணுமூர்த்தியை வீடியோ அழைப்பில் முப்பரிமாண உருவமாக நாகர்கோவில் வீட்டுச் சோபாவில் அச்சு அசலாக உட்கார வைத்தது மனைவி பகவதியின் மொபைல். அவனை வரைந்தது அவனே எழுதி, யாரும் திருத்தலாம் என்று ஊருக்கே திறந்துவிட்ட வரைகலை நிரல்.

"படம் எப்படி வருது?" என்று சோதித்தான்.

"போன வாரத்துலேர்ந்து நீங்க சிரிச்சா கன்னத்துல குழி விழுது. அள்ளுது. இத்தன வருஷமா எங்க வச்சிருந்தீங்க?"

அவனுக்குக் கன்னக்குழியே கிடையாது. நிரலில் சிரிப்பைத் திருத்தியது யாரென்று பதிவேட்டில் பார்த்தான். தென்காசி செங்குட்டுவன். வயிறு எரிய அந்தத் திருத்தத்தை நீக்கினான்.

ஐந்தே நிமிடத்தில் நிரலின் புகார்ப் பக்கத்தில் பகவதி எழுதியிருந்தாள்: "கணவர் சிரிப்பு பழுது. அவசரம்."

கீழே செங்குட்டுவனின் பதில்: "கவலைப்படாதீங்க மேடம், நான் இருக்கேன்."