ரகசியப் பக்கம்

"டீ ஆறுதுங்க சார். குடிச்சிட்டு அப்புறம் பாக்கலாமே."

வெற்றிச்செல்வி மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுவிட்டாள். ஆய்வுக்கு வந்திருந்த குழந்தைவேல் அலமாரியை விட்டு நகர்வதாக இல்லை.

குன்னத்தில் பள்ளி நூலகர் பயிற்சி நடத்தும் அந்தத் தனியார் கல்லூரிக்கு அன்றைக்கு அங்கீகார ஆய்வு. மூவாயிரம் புத்தகமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அங்கீகாரம் போனால் நாற்பது பிள்ளைகளின் சான்றிதழ் செல்லாது. அவர்களுக்குப் பாடம் நடத்தும் வெற்றிச்செல்விக்கு வேலையும் இருக்காது.

"மூவாயிரத்து நூத்திப் பன்னெண்டு. எண்ணிக்கை சரியா இருக்கும்மா," என்றார் குழந்தைவேல். "எல்லாத்துலயும் முன்பக்கம் லேபிள் புதுசா ஒட்டியிருக்கீங்க போல."

"பழசெல்லாம் கிழிஞ்சு போச்சுங்க சார். தாளாளர்தான் மாத்தச் சொன்னாரு."

"சரி. புத்தகம் இருந்தா மட்டும் போதாதே. எப்படிச் சொல்லிக் குடுக்கறீங்கன்னு பாக்கணும். ஒரு பிள்ளையக் கூப்புடுங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாடத்தில் அவளை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. வகுப்பிலேயே கெட்டிக்காரியான மஞ்சுவைக் கூப்பிட்டாள்.

குழந்தைவேல் கைக்கு வந்த புத்தகம் ஒன்றை உருவி நீட்டினார்.

"இதை ஒருத்தன் திருடிட்டுப் போயி, முன்பக்கத்தையும் கிழிச்சுட்டான்னு வச்சுக்கம்மா. எந்த நூலகத்துப் புத்தகம்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"ரகசியப் பக்கம் பாக்கணும் சார்," மஞ்சு யோசிக்கவே இல்லை. "உள்ளாற ஏதாவது ஒரு பக்கத்துலயும் நூலக முத்திரை குத்தியிருப்பாங்க. வெளியாளுக்குத் தெரியாது. மேடம் மொத வாரமே சொல்லிக் குடுத்துட்டாங்க. நம்ம காலேஜுக்கு இருபத்தேழாம் பக்கம்."

"காட்டு, பாப்போம்."

மஞ்சு புரட்டினாள். இருபத்தேழில் முத்திரை இல்லை. வெற்றிச்செல்வி கண்ணாலேயே அவளை நிறுத்தப் பார்த்தாள். அந்தப் பெண் நிமிர்ந்தால்தானே? விடாமல் தாள் தாளாகத் தள்ளிக்கொண்டே போய், ஐம்பத்தொன்றில் விரலை வைத்தாள்.

"இந்தா இருக்கு சார். கல்லூரி நூலகம், அரியலூர்." படித்த பிறகுதான் மஞ்சுவின் முகம் மாறியது.

குழந்தைவேல் பேனாவைத் திறந்தார்.

"பாடம் நடத்துறதுக்கு முழு மார்க் போட்டுர்றேம்மா. புத்தகத்தையெல்லாம் எப்பத் திருப்பி அனுப்புறீங்க?"

"நாளைக்குக் காலையில வேன் வருதுங்க சார்," என்றாள் வெற்றிச்செல்வி.