கோணல் பூ

"பாப்பா, கொஞ்சம் வாம்மா. ஒரு கல்லு மறுபடியும் கோணலா உக்காந்துடுச்சு."

செருப்பைக் கழற்றும்போதே நர்ஸம்மாவின் காதில் விழுந்தது புருஷனின் குரல். கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே, தட்டுவதை வாய்விட்டும் சொல்வது அவர் வழக்கம்.

அவள் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வருகிறாள். கால்கள் கெஞ்சின. சிங்க்கில் காலையில் போட்ட பாத்திரம் போட்டபடியே கிடந்தது.

"ஏங்க, துணியையாவது மடிச்சு வச்சிருக்கலாமில்ல?"

"இதோம்மா, இந்தத் தரையை முடிச்சுட்டு."

லாரி ஓட்டியவர். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு வண்டி ஏறக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். வீட்டு வேலைக்கு முதுகு வளைவதில்லை. விளையாட்டுக்கு மட்டும் விரல் நன்றாக வளைகிறது என்பது நர்ஸம்மாவின் கட்சி.

கல் கல்லாக அடுக்கி வீடு கட்டுகிற விளையாட்டு அது. நீலச் சித்திரக் கல், ஒவ்வொன்றிலும் கால் பூ. நாலு கல்லை நாலு பக்கமாகத் திருப்பி வைத்தால் ஒரு முழுப் பூ வரும். ஒன்று திரும்பிவிட்டாலும் போச்சு, பூ மூஞ்சியைச் சுளிக்கும்.

திரையில் ஒரு சின்ன உருவம் ஓடி வந்தது. மகள்தான். வேறு ஊரில் இருந்துகொண்டே இதற்குள் வந்துவிடுவாள். கோணல் கல்லை உடைத்தாள், திருப்பி வைத்தாள், கீழே எழுதினாள்: 'அப்பா! நீங்க நிக்கிற பக்கம் பார்த்துத்தான் கல்லு உக்காரும்னு எத்தனை தடவை சொல்றது?'

நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

நர்ஸிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் படம் வரைகிற வேலைக்குப் போனவள் மகள். "படிப்பை விட்டா என்கூடப் பேசாதே" என்று இவள் கோபத்தில் சொன்னாள். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்துவிட்டது. இருவரில் யாரும் இறங்கி வரவில்லை.

மறுநாள் நர்ஸம்மாவுக்கு லீவு. அவர் முதுகுப் பயிற்சிக்குப் போயிருந்தார். மேஜையைத் துடைக்கும்போது கை பட்டுத் திரை விழித்தது.

புதிதாக ஒரு தரை. வரிசையாக அழகான பூக்கள். நடுவில் ஒன்று மட்டும் கோணல்.

'இந்த மனுஷனுக்குத் தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் இது வராது' என்று முணுமுணுத்தாள்.

வார்டில் ஒரு படுக்கை விரிப்பு சுருங்கியிருந்தால்கூடப் பொறுக்காதவள். உட்கார்ந்துவிட்டாள். உடைத்தாள், வைத்தாள், தப்பு. சுற்றிவந்து வைத்தாள், அதுவும் தப்பு. ஒரு வழியாகப் பூ கூடியதும், பார்க்க ஆளில்லாத வீட்டில் அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் வந்தவர் திரையைப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"யாரு இதைத் தொட்டது?"

"நான்தான். ஒரு கல்லைத் திருப்ப ஊரு விட்டு ஊரு ஆள் கூப்பிடணுமா?"

"ஏம்மா, சந்து பொந்துல எல்லாம் லாரியை நூல் பிசகாம ரிவர்ஸ் எடுத்தவன் நான். நாலு கல்லைத் திருப்பி வைக்கத் தெரியாதா எனக்கு?"

நர்ஸம்மா துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப... வேணும்னேவா?"

"சும்மா கூப்பிட்டா, வேலை இருக்குப்பா, அப்புறம் பேசறேன்னுடும். தப்பா இருக்குன்னா ஓடி வரும். உன் ரத்தமாச்சே, கோணலைக் கண்டா அதுக்குச் சோறு இறங்காது."

"வந்து?"

"சரி பண்ணும். என்னைத் திட்டும். போறப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கும். அம்மா வந்தாச்சா, சாப்பிட்டாங்களான்னு."

நர்ஸம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் தன் வீட்டிலேயே தன்னைப் பற்றி ஒருத்தி விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள், அடுப்படியில் நின்றவளுக்கு அது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"பழையபடி திருப்பி வச்சிடுங்க. பிள்ளை வராமப் போயிடப் போகுது."

அவர் கை வைப்பதற்குள் உருவம் வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்தது. தரை முழுக்க நடந்து பார்த்தது. நடுப்பூவின் மேல் நின்றது.

'அப்பா, ஒரு கல்லுகூடக் கோணலா இல்லை. இது உங்க வேலை இல்லையே.'

அவர் மனைவியைப் பார்த்தார். "என்னன்னு போடட்டும்?"

"உள்ளதைப் போடுங்க."

"அம்மா," என்று சொல்லிக்கொண்டே ஒற்றை விரலால் தட்டினார்.

உருவம் அசையாமல் நின்றது. 'போயிட்டாளோ' என்று நர்ஸம்மா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பிறகு அது மெல்லக் குனிந்து, அவள் சரியாக வைத்த கல்லை உடைத்தது. அதே கல்லைக் கோணலாகத் திருப்பி வைத்தது.

கீழே எழுத்து வந்தது: 'ஒரு கல்லு தப்பா இருக்கு. அம்மாவை வரச் சொல்லுங்கப்பா.'