எங்க வீட்டுல சிவப்பு

சுவர் முழுக்க நீலம். அதன் கீழே ஒட்டியிருந்த அட்டையில் ‘சிவப்பு’ என்று போட்டிருந்தது.

கொரியாவின் பூசான் நகரில் ஹாரிம் நடத்தும் சின்ன ஓவியக் கூடத்துக்கு வந்தவர்களெல்லாம் முதலில் படத்தைப் பார்த்தார்கள், பிறகு அட்டையைப் பார்த்தார்கள், அப்புறம் ஹாரிமைப் பார்த்தார்கள். ஓவியர் மான்சுவுக்குக் கண் போய்விட்டது என்றார் ஒருவர். கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, தலைக்கனம் என்றார் இன்னொருவர்.

படம் என்னவோ அற்புதம்தான். ஈர வண்ணத்தைச் சீப்பால் வாரி, வரிவரியாக மேடு எழுப்பியிருந்தார். ஜன்னல் வெளிச்சம் அதில் ஏறி இறங்கினால் கடல் அசைகிற மாதிரி இருக்கும். உருவம் என்று எதுவும் கிடையாது. ஆனாலும் விலகிப் போக மனசு வராது.

மியூசியத்து அதிகாரி தாக் என்பவருக்கும் பிடித்துப்போனது. பேரை மட்டும் மாற்றச் சொன்னார். நீலத்துக்குச் சிவப்பு என்று போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும் என்றார். ஹாரிமின் கூடத்திலிருந்து மியூசியத்துக்குப் போகவிருந்த முதல் படம் அது. அவள் ஓடிப்போய் மான்சுவிடம் கெஞ்சினாள்.

“பச்சைன்னாவது வைங்க சார். நம்ம கொரிய மொழியில பச்சைக்கும் நீலத்துக்கும் ஒரே வார்த்தைதானே, சிக்னல்ல பச்சை விழுந்தாலே நீலம்னுதானே சொல்றோம், யாரும் கேக்க மாட்டாங்க. சிவப்புன்னா எப்படி?”

மான்சு தூரிகையைக்கூட நிறுத்தவில்லை. “எங்க வீட்டுல இதுக்குப் பேரு சிவப்புதாம்மா.”

அவர் வீட்டுக்கு மட்டும் வானவில் தனியாக வரும்போல என்று ஹாரிமுக்கு எரிச்சல். தாக் வருகிற அன்று, மான்சுவிடம் சொல்லாமலே ‘நீலம்’ என்று புது அட்டை ஒட்டிவிட்டாள்.

தாக் வந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து மான்சுவும் அவர் மனைவி இம்சுனும் கைகோத்தபடி உள்ளே வந்தார்கள்.

இம்சுன் நேராகப் படத்துக்கிட்டே போய், அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் வாடிப்போனது.

“ஏங்க, நீங்க கேட்டப்ப நான் சிவப்புன்னுல்ல சொன்னேன்? மறுபடி தப்பாச் சொல்லிட்டேனா?”

மான்சு ஹாரிம் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “முதல்ல இவ புல்லைப் பாத்து நீலம்னு சொன்னா. ஊரே அப்படித்தானே பேசுதுன்னு விட்டுட்டேன். போன வருஷம் கடலைக் காட்டிச் சிவப்புன்னா. அப்பதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வார்த்தையெல்லாம் ஒவ்வொண்ணா மறந்துபோகும்னாரு. இப்பல்லாம் பேர் வைக்கிறது அவதான். முடியிற வரைக்கும் வைக்கட்டும்மா.”

ஹாரிம் நேராகப் படத்தருகே போனாள். மியூசியம் போனால் போகட்டும் என்று அட்டையைப் பிய்த்துக் கசக்கினாள்.

“அச்சடிச்சவங்க தப்பும்மா. இது சிவப்புதான்.”

இம்சுனுக்கு நம்பிக்கை வரவில்லை. கோட்டு போட்டவர் பொய் சொல்ல மாட்டார் என்று தோன்றியதோ என்னவோ, தாக்கிடம் போனார். “நீங்க சொல்லுங்க. இது என்ன நிறம்?”

தாக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு நிதானமாகப் படத்தைப் பார்த்தார்.

“நல்ல சிவப்பும்மா. எங்க மியூசியத்துல இப்படி ஒரு சிவப்பு இல்ல.”